அப்பாவின் கெண்டைக்கால் வலி

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், ஒல்லியான உடம்பு. 16 வயதிலிருந்து பீடி. இப்போது நாளைக்கு ஒரு கட்டு. எட்டு மாதமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. நரம்பு இழுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனோம். நம் ஊர் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிகிற மாதிரி கால் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறது என்றார். பிபி 150/90. சர்க்கரை இல்லை. மொத்தக் கொழுப்பு 218, எல்டிஎல் 142, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 210. இசிஜி, எக்கோ நார்மல். ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40, அம்லோடிபின் 5 கொடுத்தார். 20 நாள் சாப்பிட்டுவிட்டு வலி குறையவில்லை என்று அப்பா நிறுத்திவிட்டார். கொழுப்பு மாத்திரை தசையைக் கெடுக்கும் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சீடர் வினிகர் காய்ச்சி, தேன் கலந்து காலையில் குடிக்கிறார். மீன் தின்கிற ஒல்லியான ஆளுக்குக் கொழுப்பு எப்படிப் படியும்? படிந்ததைக் கரைக்க முடியாதா? இருதயம் நார்மல் என்பதால் காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாதா? தம்பிக்கு 26 வயது, அவனும் அப்பாவோடுதான் கடலுக்குப் போகிறான், பீடியும் பழகிவிட்டான்.

— தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மகள்

பதில்:

அம்மா, முதலில் ஒரு காரியம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த மூன்று மாத்திரைகளையும் (ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், பிபியைக் குறைக்கும் அம்லோடிபின்) இந்த வாரமே மறுபடி தொடங்க வையுங்கள். அப்பாவுக்குக் குடல்புண் இருந்திருந்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போயிருந்தாலோ அதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படியானால் ஆஸ்பிரினுக்குப் பதில் வேறு மருந்தோ, கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரையோ தருவார். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை கெண்டைக்காலைப் பற்றியது அல்ல, இருதயத்தையும் மூளையையும் பற்றியது.

உப்புப் படிந்த குழாய் என்ற உவமை சட்டென்று விளங்கும் என்பதால் டாக்டர்கள் அதைச் சொல்கிறோம். ராமநாதபுரம் கரையில் அதை விளக்கவே வேண்டாம். வீட்டுக்கு வீடு குழாயைக் கழற்றிப் பார்த்தவர்கள். ஆனால் அந்த உவமையே உங்கள் அப்பாவை இரண்டு இடத்தில் தப்பான முடிவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. குழாயில் படிந்தது என்றால் எதையாவது ஊற்றிக் கரைத்துவிடலாம் என்று தோன்றும். தண்ணீர் தாராளமாக வருகிற குழாயில் கோளாறு இல்லை என்றும் தோன்றும். ரத்தக்குழாயில் இரண்டும் பொருந்தாது.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் தடிமனுள்ள வழவழப்பான தோல் போர்த்தியிருக்கிறது. கொழுப்பு அதன் மேலே அப்பிக்கொள்வதில்லை, அதற்கு அடியில், சுவருக்குள்ளே போய்ச் சேருகிறது. எல்டிஎல் என்பது புரதம் சுற்றிய மிகச் சிறிய கொழுப்பு உருண்டை. பீடிப் புகை, உயர்ந்த பிபி, சர்க்கரை ஆகியவை அந்தத் தோலைப் பழுதாக்கும்போது உருண்டைகள் எளிதாக உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். குழாய் கிளை பிரிகிற இடங்களில் இது அதிகம். பாம்பன் பாலத்துத் தூணடியில் நீர் நேராகப் போகாமல் சுழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தமும் கிளை பிரியும் முனையில் அப்படிச் சுழிக்கிறது, அந்த இடத்துத் தோல் எப்போதுமே பலவீனமாக இருக்கும்.

உள்ளே மாட்டிய கொழுப்பு கெட்டுப்போகிறது. வேண்டாத பொருள் வந்துவிட்டது என்று வெள்ளை அணுக்கள் உள்ளே புகுந்து அதை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, செரிக்க முடியாமல் அங்கேயே செத்துப் போகின்றன. செத்த அணுவும் கொழுப்பும் சேர்ந்து கூழாகத் தேங்கும். இந்த நோய்க்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் அதிரோஸ்கிளிரோசிஸ். அதன் முன்பாதி, கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்பாதி இறுகுதல். கூழைச் சுற்றி உடம்பு நாரால் ஒரு மூடி போடுகிறது, காலப்போக்கில் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகுகிறது. ஆக, அங்கே இருப்பது சுவருக்குள் ஒரு கட்டி. மேலே மூடி, உள்ளே கூழ், சுற்றிலும் அழற்சி. சீழ்க்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இந்தக் கட்டி முதலில் வெளிப்பக்கமாகத்தான் வளர்கிறது. குழாய் அதற்கு இடம் கொடுத்து அகன்றுகொள்ளும். குழாயின் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கட்டி பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் பாதை குறுகுவதே இல்லை. ஒரு தொந்தரவும் தெரியாத வருடங்கள் அவை. அதன்பின் இரண்டு வழியாக ஆபத்து வருகிறது.

முதலாவது மெல்ல வருவது. பாதை குறுகிக்கொண்டே போய், ஓய்வில் இருக்கும்போது போதுமான ரத்தம், வேலை செய்யும்போது போதாத ரத்தம் என்ற நிலைக்கு வரும். நடக்கும் கெண்டைத் தசைக்கு, நிற்கும் தசைக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு ரத்தம் வேண்டும். அது கிடைக்காமல் தசை மூச்சுத் திணறும்போது வருவதுதான் அந்த இறுக்கம். நின்றதும் அந்த ரத்தப் பாக்கி தீர்ந்துவிடுகிறது, வலி போகிறது. இருதயத்தில் இதே கதை நடந்தால் மாடி ஏறும்போது, வலை இழுக்கும்போது நெஞ்சு அழுத்தும்.

இரண்டாவது திடீரென்று வருவது. கட்டியின் மூடி மெலிந்து கிழிந்துவிடும். ஆபத்தான மூடிகள் 0.065 மில்லிமீட்டரைவிட மெல்லியவை, ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கிழிந்ததும் உள்ளே இருக்கும் கூழில் ரத்தம் படுகிறது. படுவதுதான் தாமதம், உறைய ஆரம்பிக்கும். இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். சில நிமிடங்களில் உறைகட்டி அதை மூடிவிடும். அதுதான் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். கிழியும் கட்டிகளில் பல, கிழிவதற்கு முந்தின நாள் பாதையைப் பாதிகூட அடைத்திராதவை. முந்தின நாள் எடுத்த இசிஜியில் ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்போது உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். இசிஜி அந்த நிமிடத்தில் இருதயத்தின் மின்னோட்டம் எப்படி என்று காட்டும். எக்கோ தசையும் வால்வும் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டும். ரத்தக்குழாய்ச் சுவரை இரண்டுமே பார்ப்பதில்லை. கால் குழாயில் இந்த நோய் உள்ளவருக்கு இருதயத்திலும் மூளைக் குழாயிலும் அது இருக்க வாய்ப்பு மிக அதிகம், காரணம் ரத்தமும் ஒன்று, புகையும் ஒன்று. இவர்களில் பெரும்பாலோரின் உயிருக்கு உலை வைப்பது காலல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்பா கொஞ்ச தூரம் நடந்ததும் கால் வலியால் நின்றுவிடுகிறார். இருதயம் திணறும் அளவுக்கு அவர் நடப்பதே இல்லை. நெஞ்சு வலி வரவில்லை என்பது அவரைப் பொறுத்தவரை ஆறுதல் தரும் செய்தி அல்ல.

கால் நோயை உறுதிசெய்ய ஏபிஐ (கணுக்கால்-கை பிபி விகிதம்) என்று ஒரு எளிய சோதனை இருக்கிறது. பத்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியால் மேல் பிபி எடுப்பார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்க வேண்டும். கையில் 150, வலது கணுக்காலில் 96 என்று வைத்துக்கொண்டால் 0.64. ஒன்றுக்கு மேல் இருப்பது சரியான அளவு, 0.90-உம் அதற்குக் கீழும் நோய், 0.40-க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.40-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம், குழாய் சுண்ணாம்பாக இறுகி அமுக்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம். நெடுநாள் சர்க்கரைக்காரர்களிடம் இது சகஜம். இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியதும் உண்டு. அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் சாய்வாக உயர்த்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். உள்ளங்காலைப் பாருங்கள். இடது பாதம் நிறம் மாறாமல் இருக்க, வலது பாதம் மெழுகு போல வெளிறினால் அந்தக் காலுக்கு ரத்தம் போதவில்லை. பிறகு கட்டிலோரம் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். வெளிறிய பாதம் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக மாறும். உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும், பாதத்தின் மேல் பெருவிரலுக்குப் போகும் தசைநாரை ஒட்டினாற்போலவும் மூன்று விரலை மெதுவாக வைத்து நாடி பாருங்கள். மேல்பாத நாடி சிலருக்குப் பிறவியிலேயே அகப்படாது, அதனால் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

தைலத்தால் பயனில்லாமல் போனது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். வலி கெண்டையில், அடைப்பு பெரும்பாலும் அதற்கு மேலே, தொடைக் குழாயில். முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும், ஆனால் அது நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நின்றாலே போகிறது.

ஒல்லியான ஆளுக்கு எப்படி என்று கேட்டீர்கள். தொப்பைக் கொழுப்பு வேறு, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் வேறு; பின்னதைப் பெரும்பாலும் ஈரல் தயாரிக்கிறது. அப்பாவின் ரிப்போர்ட்டில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 34 குறைவு, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210 அதிகம். நம் மக்களிடம் அடிக்கடி பார்க்கும் கூட்டு இது. மொத்தக் கொழுப்பில் எச்டிஎல்லைக் கழித்தால் 184 வருகிறது. சுவருக்குள் நுழையக்கூடியவை அத்தனையும் அந்த 184-க்குள் இருக்கின்றன. மேலே 42 வருடப் பீடி. கால் குழாயைக் கெடுப்பதில் புகையை மிஞ்சியது எதுவும் இல்லை. மீன் நல்ல உணவுதான், ஆனால் இத்தனைக்கும் அது ஈடுகட்டாது.

கரைக்க முடியுமா? வாயால் குடிக்கிற கஷாயம் குடலில் செரித்துப் போகும். சுவருக்குள், மூடிக்குக் கீழே இருக்கும் கூழை அது தொடவே தொடாது. பூண்டும் இஞ்சியும் குழம்பில் இருக்கட்டும், நல்லது. மாத்திரை இருந்த இடத்தில் அவை வந்து உட்கார்ந்ததுதான் தீங்கு.

அட்டோர்வாஸ்டாட்டின் செய்வது வேறு. ரத்தத்தில் எல்டிஎல்லைப் பாதியாக்குவதால் புதிதாக உள்ளே போவது குறைகிறது. கூழ் கொஞ்சம் வற்றுகிறது, அழற்சி தணிகிறது, மூடி தடிக்கிறது. பாதை பெரிதாக அகலமாகாது. கட்டி கிழியாத கட்டியாக மாறுகிறது. எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த கணக்கு. இந்த மாத்திரையைக் கால் வலி நீங்குவதற்காகக் கொடுக்கவில்லை என்பதை அன்றைக்கே அப்பாவிடம் விளக்கியிருந்தால், 20 நாளில் வலி போகவில்லை என்று நிறுத்தியிருக்க மாட்டார்.

தசைப் பயத்துக்கு வருகிறேன். இந்த மருந்தால் தசை வலி வருவதுண்டு. வந்தால் இரண்டு தொடையிலும் இரண்டு தோளிலும் சேர்ந்து வரும், நடந்தாலும் உட்கார்ந்தாலும் இருக்கும். அப்பாவின் வலி எட்டு மாதத்து வலி, ஒரு காலில் மட்டும், மாத்திரைக்கு முன்பே வந்தது. பழியை மாத்திரை மேல் போட முடியாது. பிற்பாடு அப்படி வலி வந்தால் தானாக நிறுத்தாமல் தசை கெடுகிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

கால் குழாய் நோய் உள்ளவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். 142-ஐ 40 மில்லிகிராம் பாதியாக்கினால் 71. ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். அந்த இடத்தில் நின்றால் மாத்திரையை 80 ஆக்குவதால் இன்னும் ஆறு சதவீதம்தான் குறையும். அதைவிட எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையை 10 மில்லிகிராம் சேர்த்தால் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 57-ஐ ஒட்டி வரும். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். பிபி 130/80-க்குக் கீழே வர வேண்டும். அம்லோடிபின் 5 மட்டும் போதாமல் போகலாம்.

ராத்திரி கடலில் இருப்பவர் எப்படி வேளை தவறாமல் சாப்பிடுவார் என்று நினைக்க வேண்டாம். அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் சாப்பிடலாம், தினமும் ஒரே வேளையாக இருந்தால் போதும். கரைக்கு வந்து சாப்பிடும் சாப்பாட்டோடு மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும். உப்புக் காற்றில் மாத்திரை நமுத்துவிடும், அட்டையை விட்டு உரித்துக் கொண்டுபோக வேண்டாம்; மூடி போட்ட டப்பாவில் அட்டையோடு வைக்கட்டும். பிபி மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்குக் கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும். எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பீடியைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. பீடி சிகரெட்டைவிடச் சின்னது, புகையிலை கொஞ்சம்தான் என்று நினைக்கிறார்கள். பீடி இலையில் காற்றுப் புகாது, அணையாமல் இருக்க ஆழமாக, அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் ஒரு பீடி தருகிற கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல, கூடுதல்தான். குறைத்துக்கொள்கிறேன் என்பார், குறைத்தால் ஒவ்வொன்றையும் இன்னும் ஆழமாக இழுப்பார். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு முழுசாக விடுவதுதான் வழி. கண் விழித்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவர் என்றால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், அதற்குப் பிறகுதான் என்றால் 2 மில்லிகிராம். மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும்; அரை மணி நேரம் வரும். சூயிங்கத்தை மூன்று மாதத்தில் படிப்படியாக விடலாம். 1800-11-2356 என்ற அரசு இலவச எண்ணில் இதற்கென்றே பேசுகிறார்கள். விட்ட ஒரு வருடத்தில் புகையால் ஏறிய மாரடைப்பு ஆபத்து பாதியாகிறது. பீடிக்குப் பதில் வாயில் புகையிலை ஒதுக்குவது விடுவதாகாது.

கால் வலிக்கு மருந்து நடைதான். அவருக்கு நம்பக் கடினமாக இருக்கும், வலிக்கிற காலை நடக்கச் சொல்கிறார்களே என்று. மணலில் வேண்டாம், தார் ரோட்டில். வலி தொடங்கியதும் நிற்காமல், தாங்கக்கூடிய அளவு ஏறும்வரை நடக்க வேண்டும். நின்று, முழுக்கப் போனதும் மறுபடி. இப்படி 30-லிருந்து 45 நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், 12 வாரம். முதல் வலி எத்தனையாவது மின்கம்பத்தில் வருகிறது என்று காலண்டரில் குறியுங்கள். தசை கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகும். பலருக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் இரட்டிப்பாகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அதில் தொடங்கினால் முக்கால் பங்கு அதிலேயே முடிந்துவிடும். 12 வாரத்துக்குப் பிறகும் தொழிலுக்குப் போக முடியாத வலி இருந்தால் குழாயைப் பலூனால் விரிப்பது, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலை வைப்பது பற்றிப் பேசலாம். ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் திறக்கும், நோய் உடம்பு முழுக்க அப்படியே இருக்கும், மாத்திரையும் அப்படியே தொடரும்.

வெறுங்காலோடு இனிக் கரையில் நடக்க வேண்டாம். கெளுத்தி முள், சிப்பி ஓடு கீறிய காயம் இந்தக் காலில் ஆறாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், விரல் கறுத்தல், ராத்திரி படுக்கையில் வலித்துக் காலைத் தொங்கவிட்டால்தான் சுகம் என்ற நிலை, இவற்றில் ஒன்று வந்தாலும் நாள் கடத்தக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் கொடுக்க வேண்டாம், வெந்துபோகும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. சூடை, மத்தி, நெத்திலி குழம்பாக வாரம் மூன்று நாலு நாள் தாராளமாக இருக்கட்டும், பொரிப்பதைக் குறையுங்கள். கருவாட்டில் கவலை உப்புதான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். ஒரு துண்டுக் கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம், ஆனால் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு குறைவு, எப்போதாவது குழம்பில் போட்டால் தோஷமில்லை. கெட்டித் தேங்காய்ப்பாலும் ராத்திரி பரோட்டாவும் குறையட்டும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

கடைசியாக, வீட்டில் எல்லாருக்கும், படகில் கூடப் போகிறவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டியது. நெஞ்சை அமுக்கும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவினால், கூடவே குப்பென்று வியர்த்தால், அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லை, ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்றால் 300 மில்லிகிராம், அதாவது 75-இல் நாலு மாத்திரையை மென்று விழுங்கட்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் என்றால் உடனே கரைக்குத் திருப்பி, கம்பியில்லாக் கருவியில் சொல்லி ஆம்புலன்ஸைக் கரையில் நிறுத்தச் செய்யுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நேராக மதுரைக்கே போய்விடலாம் என்று கார் பிடிப்பதுதான் நம் கரையில் நடக்கும் தவறு. இரண்டு மணி நேரத்துக்குள், அடைத்த குழாயைப் பலூனால் திறக்கும் ஆஞ்சியோ செய்யும் இடத்தை எட்ட முடியாதவருக்கு, அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்புவதே சரி. அந்த ஊசி 12 மணி நேரம் வரை பயன்படும், ஆனால் முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பிழைக்கிற இருதயத் தசை அதிகம், பிறகு போட்டால் அவ்வளவு பிழைக்காது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைக் குறைக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் வேளை கொடுத்து அனுப்புகிறார்கள். வாய் கோணல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் அது மூளை: ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் தம்பியைப் பற்றி. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இருதயத்தைத் திறந்து பார்த்த ஆய்வு 1953-இல் வெளிவந்தது. சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு இருதயக் குழாயில் இந்த நோய் கண்ணுக்குத் தெரியும் அளவில் தொடங்கியிருந்தது. 26 சின்ன வயதில்லை. அவனுக்கும் உங்களுக்கும் கொழுப்புப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். கூடவே, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்பு உருண்டையான லைப்போபுரோட்டீன்-ஏ என்பதையும் பாருங்கள். அது பரம்பரையாக வருவது, உணவால் மாறாது, ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அப்பா பீடியை விடக் குறிக்கும் அதே நாளைத் தம்பிக்கும் குறியுங்கள். ஒரே படகில் ஒருவர் பற்றவைத்தால் மற்றவரால் விட முடியாது.